அப்சால்வ் விமர்சனம்: வேலையில்லாத நேரத்தில் வக்கீல் வைக்காமல் திவால் மனு

அமெரிக்காவில் வேலை போய், கிரெடிட் கார்டு பாக்கியும் ஆஸ்பத்திரி பில்லும் கழுத்தை நெரிக்கும்போது, பெரும்பாலான கடன்களை நீதிமன்றம் தள்ளுபடி செய்யும் சாப்டர் 7 திவால் மனு போடலாம் என்று யாராவது சொல்வார்கள். வக்கீலிடம் போனால் சாதாரணமாக ஆயிரம் முதல் இரண்டாயிரம் டாலர் கேட்பார். ஊரையும் வழக்கையும் பொறுத்து இன்னும் கூடும். அதையும் முன்பணமாகத்தான் கேட்பார். மனு போட்ட நாளில் அவருக்குப் பாக்கி இருந்தால் அதுவும் மற்றக் கடன்களோடு சேர்ந்து தள்ளுபடியாகிவிடும் என்பதுதான் காரணம். சம்பளம் நின்றுபோன குடும்பம் முதல் படியிலேயே தடுக்கி நிற்பது இங்கேதான்.

இந்த இடத்தில் உதவ வந்தது அப்சால்வ். 2016-இல் நியூயார்க்கில் தொடங்கிய லாபநோக்கமற்ற அமைப்பு. சாப்டர் 7 மனுவுக்கான படிவங்களைக் கேள்வி பதில் முறையில் இணையத்திலேயே நிரப்பித் தருகிறது. கட்டணம் கிடையாது. வாடகை வீடு, ஒரு பழைய கார், கார்டு கடன், மருத்துவக் கடன், இவ்வளவுதான் உங்கள் கணக்கு என்றால் தயங்காமல் பயன்படுத்தலாம். சொந்த வீடு, சொந்தத் தொழில், ஊரில் நிலம் என்று ஏதாவது ஒன்று இருந்தாலும் இது உங்களுக்கான கருவி இல்லை. அதையும் ஆரம்பக் கேள்விகளிலேயே அது பெரும்பாலும் சொல்லிவிடுகிறது, வக்கீலைப் பார்க்கச் சொல்லி அனுப்புகிறது. இந்த நேர்மை பாராட்ட வேண்டியது.

வேலை நடக்கும் விதம் எளிது. முதலில் தகுதிக் கேள்விகள். பிறகு வருமானம், செலவு, சொத்து, கடன் பற்றிய நீண்ட கேள்விப் பட்டியல். சம்பளச் சீட்டு, வருமானவரிக் கணக்கு போன்றவற்றைப் பதிவேற்ற வேண்டும். இடையில் கடன் ஆலோசனைக் கோர்ஸை முடித்துச் சான்றிதழைச் சேர்க்க வேண்டும். கடைசியில் நீதிமன்றத்தில் கொடுக்கத் தயாரான ஒரு கட்டுப் படிவம் கையில் வரும். படிவம் 101-இல் தொடங்கி 106 வரிசை ஷெட்யூல்கள் (சொத்து, கடன், வரவு, செலவுப் பட்டியல்கள்), 107, 108, 121, 122ஏ-1 என்று போகும் அந்தக் கட்டை வெறும் பேனாவோடு நிரப்பிப் பார்த்தவருக்குத்தான் இந்த உதவியின் அருமை தெரியும். ஒரே தகவலை நான்கு இடத்தில் எழுத வேண்டியிருக்கும். ஒரு இடத்தில் மாறினால், வழக்கைக் கவனிக்க நியமிக்கப்படும் டிரஸ்டி கேள்வி கேட்பார். அந்த முரண்பாடுகளை மென்பொருள் பெருமளவு தவிர்த்துவிடுகிறது.

ஆனால் அது வக்கீல் இல்லை. சட்ட ஆலோசனை சொல்லாது, சொல்லவும் கூடாது. முக்கியமாக, எந்த மாதம் மனு போடுவது என்பதை உங்களுக்காக முடிவு செய்யாது. வேலையில்லாதவரின் வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அந்தத் தேதியில்தான்.

மீன்ஸ் டெஸ்ட் என்ற வருமானச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். படிவம் 122ஏ-1 இன்றைய வருமானத்தைக் கேட்பதில்லை. மனு போடும் மாதத்துக்கு முந்தைய ஆறு முழு மாதங்களில் வந்த பணத்தைக் கூட்டி, ஆறால் வகுத்து, பன்னிரண்டால் பெருக்கி, உங்கள் மாநிலத்தில் அதே அளவுக் குடும்பத்தின் இடைநிலை வருமானத்தோடு ஒப்பிடுகிறது. மாதம் 9,000 டாலர் சம்பளம் வாங்கியவருக்கு மார்ச் நடுவில் வேலை போகிறது, வேலையை விட்டு அனுப்பும்போது தரும் செவரன்ஸாக 18,000 டாலர் அதே மாதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரலில் மனு போட்டால் அக்டோபர் முதல் மார்ச் வரை கணக்கில் வரும்: ஐந்து மாதச் சம்பளம் 45,000, மார்ச் அரைச் சம்பளம் 4,500, செவரன்ஸ் 18,000. மொத்தம் 67,500. மாத சராசரி 11,250, ஆண்டுக்கு 1,35,000 டாலர். கையில் காசே இல்லாத மனிதர் காகிதத்தில் நல்ல வசதிக்காரராகத் தெரிவார். அதே ஆள் அக்டோபரில் போட்டால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் கணக்கு. மாதம் 2,000 டாலர் வேலையில்லா உதவித்தொகை மட்டும் வந்திருந்தால் ஆண்டுக்கு 24,000. அது இடைநிலைக்குக் கீழே என்பதால் சோதனையில் அங்கேயே தேறிவிடுவார்.

செவரன்ஸ் தவணையாக வந்தாலோ, விடுப்புப் பணம் பிந்தி வந்தாலோ அது வந்த மாதத்தில் ஏறும். வேலையில்லா உதவித்தொகையும் சேரும். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் சேராது. மனைவியோ கணவரோ வேலையில் இருந்தால், நீங்கள் தனியாக மனு போட்டாலும் அவர் சம்பளம் இந்தப் படிவத்தில் வரும். அவருடைய சொந்தச் செலவுகளுக்குப் போவதைக் கழிக்க இடம் உண்டு, ஆனால் முதலில் முழுத் தொகையையும் காட்ட வேண்டும்.

சரி, காத்திருக்கலாம் என்றால் எவ்வளவு நாள்? மனு போட்ட தேதிக்குப் பிறகு வாங்கும் கடன் தள்ளுபடியாகாது. வேலை தேடும் காலத்தில் வரும் ஆஸ்பத்திரி பில், பாக்கி வாடகை எல்லாம் மனுவுக்கு மறுநாள் வந்தால் உங்கள் தலையிலேயே இருக்கும். சாப்டர் 7-இல் ஒருமுறை தள்ளுபடி பெற்றவர் மறுபடி அதே வழியில் வர, முதல் மனுவிலிருந்து எட்டு ஆண்டு ஆக வேண்டும். அதனால் வசூல் ஏஜென்ட்டின் முதல் மிரட்டல் போனுக்கே பயந்து மனு போடக் கூடாது. மறுபக்கம், புது வேலை கிடைத்து அந்தச் சம்பளம் ஆறு மாத ஜன்னலுக்குள் நிறைந்துவிட்டால் சோதனை மீண்டும் கடினமாகும். செவரன்ஸ் ஜன்னலை விட்டு வெளியேறிய பிறகு, புதுச் சம்பளம் உள்ளே நிறைவதற்கு முன்பு உள்ள இடைவெளிதான் சரியான நேரம். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனபின் 60 நாள் அவகாசம்தான் என்பதால் இந்தக் காத்திருப்பே சாத்தியமில்லாமல் போகலாம். அவர்கள் இந்தக் கருவியைத் திறக்கும் முன் குடியேற்றம், திவால் இரண்டும் தெரிந்த வக்கீலிடம் ஒரு மணி நேரமாவது பேச வேண்டும்.

செலவுக்கு வருவோம். அப்சால்வ் இலவசம், நீதிமன்றம் இலவசமில்லை. சாப்டர் 7 கட்டணம் 338 டாலர். குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 150 சதவீதத்துக்குக் கீழ் இருந்து, தவணையிலும் கட்ட முடியாது என்றால் படிவம் 103பி கொடுத்துக் கட்டண விலக்கு கேட்கலாம். 2025-இன் வரம்புப்படி, அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த மாநிலங்களில், ஒருவருக்கு ஆண்டுக்கு 23,475 டாலர், நால்வர் குடும்பத்துக்கு 48,225 டாலர். வரம்புக்கு மேலே இருந்தால் 103ஏ, அதாவது நான்கு தவணை வரை, 120 நாளுக்குள். ஒரு தவணை தவறினாலும் வழக்கு தள்ளுபடியாகும் ஆபத்து உண்டு. 103பி-க்குத் தகுதி இருப்பவர் 103ஏ-ஐ எடுக்கவே வேண்டாம்.

கடன் ஆலோசனைக் கோர்ஸ் சுமார் ஒரு மணி நேரம். சாதாரணமாக 10 முதல் 50 டாலர். குறைந்த வருமானக்காரருக்கு அந்த நிறுவனங்களே விலக்கு தரவேண்டும், கேட்டு வாங்குங்கள். திவால் வழக்குகளை மேற்பார்வையிடும் அரசு அலுவலகமான யு.எஸ். டிரஸ்டி அலுவலகம் அங்கீகரித்த நிறுவனமாக இருக்க வேண்டும். மனுவுக்கு முந்தைய 180 நாளுக்குள் முடித்திருக்க வேண்டும். மனுவைப் போட்டுவிட்டு மறுநாள் கோர்ஸ் எடுத்தவர்களின் வழக்குகள் இதற்காகவே தள்ளுபடியாகின்றன.

படிவக் கட்டு வந்ததும் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள். மென்பொருள் எழுதியதற்கும் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான், அதுவும் பொய்சாட்சித் தண்டனைக்கு உட்பட்டு. சில இடங்களை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

வருமானம் இரண்டு படிவத்தில் வருகிறது. 122ஏ-1 பின்னோக்கிப் பார்க்கிறது. 106ஐ, அதாவது வரவைக் காட்டும் ஷெட்யூல் ஐ, இன்றைய நிலையைக் கேட்கிறது. இரண்டிலும் ஒரே எண்ணைப் போட்டால் தவறு. 106ஐ-இல் வேலையில்லா உதவித்தொகைக்குத் தனி வரி உண்டு, 8டி. அண்ணனோ மாமாவோ மாதா மாதம் வாடகைக்குக் கைகொடுத்தால் அது வரி 11-இல் வர வேண்டும். இதை விட்டுவிட்டு, செலவைக் காட்டும் 106ஜே-இல் 3,800 டாலர் செலவும் 106ஐ-இல் 2,000 டாலர் வரவும் காட்டினால், மீதி 1,800 எங்கிருந்து வருகிறது என்பதுதான் டிரஸ்டியின் முதல் கேள்வியாக இருக்கும். வேலைக்கான ஆஃபர் கடிதம் கையில் இருந்தால் வரி 13-இல் சொல்லியாக வேண்டும்.

வரி ரீஃபண்ட் ஒரு சொத்து. பிப்ரவரியில் மனு போடும்போது இன்னும் வராத ரீஃபண்டைப் பட்டியலில் காட்டி, ஷெட்யூல் சி-யில் விலக்கும், அதாவது டிரஸ்டி எடுக்காதபடி பாதுகாப்பும், கோர வேண்டும். முழு ஆண்டு சம்பளத்துக்கு ஏற்றபடி வரி பிடித்து, நடுவில் வேலை போனவருக்கு ரீஃபண்ட் பெரிதாகவே வரும். கோராத விலக்கு தானாகக் கிடைக்காது. டிரஸ்டி எடுத்துக்கொள்ளும் பொருள்களில் இதுதான் சர்வ சாதாரணம்.

ஓய்வூதியக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் மனம் பதறுவது இங்கேதான். கம்பெனி 401(கே) பணத்தைக் கடன் கொடுத்தவர்களும் டிரஸ்டியும் தொட முடியாது. அதை உடைத்து, வரியும் அபராதமும் கட்டி, மீதியைக் கார்டுக்குச் செலுத்துபவர்கள் சில மாதம் கழித்து எப்படியும் திவாலுக்கு வருகிறார்கள். அப்போது கடனும் போயிருக்காது, சேமிப்பும் இருக்காது. யாராவது இந்த நிலையில் இருந்தால் உடனே தடுத்து நிறுத்துங்கள்.

இனி நம் ஆட்கள் தவறவிடும் இடம். திவால் சொத்து என்பது உலகத்தில் எங்கே இருந்தாலும் யார் கையில் இருந்தாலும் சேர்த்துத்தான். என்.ஆர்.இ. கணக்கு, ஊரில் பாகம் பிரியாத பூர்வீக நிலத்தில் உங்கள் பங்கு, எல்.ஐ.சி. பாலிசி, பழைய பி.எஃப்., நண்பர்களுக்குள் போட்ட சீட்டில் எடுக்காத பணம், லாக்கரில் இருக்கும் நகை எல்லாமே ஷெட்யூல் ஏ/பி-இல் வரவேண்டும். கிரெடிட் ரிப்போர்ட்டில் இவை எதுவும் தெரியாது. எந்த மென்பொருளும் இவற்றைத் தானாகக் கண்டுபிடிக்காது. தெரியாது என்ற தைரியத்தில் விடுவது மிகப் பெரிய ஆபத்து: 2,50,000 டாலர் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது.

நகைக்கு மத்திய விலக்கு 2025 ஏப்ரல் 1 முதல் 2,125 டாலர். தாலிக்கொடியும் நான்கு வளையலும் இன்றைய தங்க விலையில் இதைத் தாண்டிவிடும். வீடு இல்லாதவருக்குப் பொதுவிலக்கு இங்கே கைகொடுக்கும்: 1,675 டாலரும், பயன்படுத்தாத வீட்டு விலக்கிலிருந்து 15,800 வரையும் எந்தப் பொருளுக்கும் ஒதுக்கலாம். காருக்குத் தனியாக 5,025. ஆனால் மத்திய விலக்குகளை எல்லா மாநிலமும் அனுமதிப்பதில்லை. நியூஜெர்சி, நியூயார்க், டெக்சாஸ் ஆகியவற்றில் தேர்ந்தெடுக்கலாம். கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் மாநிலப் பட்டியல்தான். இரண்டு ஆண்டுக்குள், துல்லியமாக 730 நாளுக்குள், மாநிலம் மாறி வந்திருந்தால் எந்த ஊர்ச் சட்டம் பொருந்தும் என்ற கணக்கே வேறு. வேலை தேடி மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர்கள் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

ஊருக்கு அனுப்பிய பணமும் கேட்கப்படும். படிவம் 107-இல் இரண்டு ஆண்டுக்குள் ஒருவருக்கு 600 டாலருக்கு மேல் கொடுத்த அன்பளிப்பைக் காட்ட வேண்டும். அம்மாவுக்கு மாதம் நூறு டாலர் என்றால் இரண்டு ஆண்டில் 2,400, எழுதுங்கள். அம்மாவுக்கு மருந்துச் செலவுக்கு அனுப்பியது குற்றமில்லை, அதை மறைப்பதுதான் வினையாகும். சொந்தக்காரரிடம் வாங்கிய கைமாற்றைத் திருப்பிக் கொடுத்திருந்தால் அது தனிக் கேள்வி, ஓராண்டு வரை பின்னோக்கிப் போகும். செவரன்ஸ் வந்ததும் மச்சானுக்கு முதலில் 5,000 டாலரைத் திருப்பித் தருவது நமக்கு மானப் பிரச்சினை. சட்டத்தின் கண்ணில் அது மற்றக் கடன் கொடுத்தவர்களுக்குச் செய்த பாரபட்சம். டிரஸ்டி அந்தப் பணத்தை மச்சானிடமே கேட்டு வழக்குப் போடலாம். நண்பர் ஜாமீன் போட்ட கடன் என்றால், உங்கள் கடமைதான் தீரும். வங்கி மறுநாளே அவர் கதவைத் தட்டலாம். ஷெட்யூல் எச்-இல் அவர் பெயரை எழுதுவதற்கு முன் அவரிடம் சொல்லிவிடுவது முறை. மனு போட்ட 180 நாளுக்குள் வாரிசுச் சொத்து ஏதாவது உங்களுக்கு வந்தால் அதையும் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

கடைசி மூன்று மாதம் கார்டைத் தேய்ப்பதில் கவனம் தேவை. 90 நாளுக்குள் ஒரே நிறுவனத்திடம் 900 டாலருக்கு மேல் ஆடம்பரச் செலவு, 70 நாளுக்குள் 1,250 டாலருக்கு மேல் கேஷ் அட்வான்ஸ் என்றால் ஏமாற்றும் நோக்கம் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். மளிகையும் மருந்தும் ஆடம்பரத்தில் சேராது. கல்விக் கடன், அண்மைக்கால வருமானவரி, பிள்ளை பராமரிப்புத் தொகை ஆகியவை சாப்டர் 7-இல் சாதாரணமாகப் போகாது. உங்கள் கடனில் பெரும்பகுதி இவைதான் என்றால் இந்த முயற்சியே வீண்.

கார் கடன் இருப்பவருக்கு அப்சால்வ் ஓரளவுதான் துணை. படிவம் 108-இல் காரை வைத்துக்கொண்டு கடனை மறுஉறுதி செய்கிறேன், அதாவது தள்ளுபடி கேட்காமல் தொடர்ந்து கட்டுகிறேன் என்று எழுதலாம். ஆனால் வக்கீல் இல்லாதவரின் மறுஉறுதி ஒப்பந்தத்தை நீதிபதியே விசாரித்து ஒப்புக்கொள்ள வேண்டும். வரவை விடச் செலவு கூடுதலாக இருந்தால் அது உங்களுக்குச் சுமை என்றே சட்டம் கருதுகிறது. வேலையில்லாதவரின் 106ஜே பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். மாத்தவணை கட்ட வழியே இல்லையென்றால் காரை ஒப்படைத்துவிட்டு மீதிக் கடனையும் சேர்த்துக் கழிப்பதே பல சமயம் புத்திசாலித்தனம்.

மனு கொடுக்கும் நாளுக்கு முன், கார்டு பாக்கி இருக்கும் அதே வங்கியில் உங்கள் சேமிப்பையும் வைத்திருந்தால் வேறு வங்கியில் கணக்குத் தொடங்கி உதவித்தொகையை அங்கே வரவழையுங்கள். வங்கி தன் பாக்கிக்காக அந்தக் கணக்கை முடக்கலாம். பல நீதிமன்றங்களில் வக்கீல் இல்லாதவர் நேரிலோ தபாலிலோதான் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, ஸ்டேப்ளர் அடிக்காமல் கொண்டுபோங்கள். தனிநபர் செக் வாங்கமாட்டார்கள், மணி ஆர்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கு எண் கிடைத்த கணம் முதல் வசூல் போன், சம்பளப் பிடித்தம், வழக்கு எல்லாம் நிற்க வேண்டும். போன் செய்பவரிடம் எண்ணைச் சொன்னால் போதும்.

அடுத்தது டிரஸ்டி உங்களிடம் கேள்வி கேட்கும் 341 கூட்டம், மனு போட்ட 21 முதல் 40 நாளுக்குள். இப்போது பெரும்பாலும் ஜூமில். அடையாள அட்டையும் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கான சான்றும் அசல் கையில் இருக்க வேண்டும். அதற்கு ஏழு நாள் முன்பே கடைசி வருமானவரிக் கணக்கு டிரஸ்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தவறினால் இதற்காகவே வழக்கு தள்ளுபடியாகலாம். கேள்விகள் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்: படிவத்தைப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டீர்களா, எல்லாச் சொத்தும் எல்லாக் கடனும் இருக்கிறதா, யாருக்காவது எதையாவது மாற்றிக் கொடுத்தீர்களா. ஆங்கிலம் தடுமாறினால் யு.எஸ். டிரஸ்டி அலுவலகம் தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தரும். முன்கூட்டியே டிரஸ்டியிடம் கேட்டு வைத்துவிடுங்கள். குடும்பத்தில் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துப் பேச வைப்பதை விட இது பாதுகாப்பு.

அப்சால்வுக்கு மாற்று என்ன? படிவங்கள் எல்லாம் நீதிமன்றங்களின் சொந்த இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நியூஜெர்சி, கலிபோர்னியா மத்திய மாவட்டம் போன்ற சில இடங்களில் ஈ.எஸ்.ஆர். என்ற பெயரில் நீதிமன்றமே கேள்வி பதில் முறையில் நிரப்பித் தருகிறது. பணம் வாங்கிக்கொண்டு தட்டச்சு செய்து தரும் மனு தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள். அவர்களும் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாதவர்களே. அப்சால்வ் இலவசமாகச் செய்வதற்கு அவர்களிடம் காசு கொடுக்கக் காரணம் எதுவும் தெரியவில்லை. அப்சால்வ் உங்களை ஏற்காவிட்டால் உங்கள் பகுதியின் இலவச சட்ட உதவி மையம், சட்டக் கல்லூரி கிளினிக் என்ற வரிசையில் கேளுங்கள். வீட்டைக் காப்பாற்றத் தவணைத் திட்டம் போடும் சாப்டர் 13 பக்கம் மட்டும் வக்கீல் இல்லாமல் போக வேண்டாம். நிலையான வருமானம் இல்லாதவருக்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடித்தான் இருக்கும்.

341 கூட்டம் முடிந்ததும் பலர் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். இன்னொரு கோர்ஸ் பாக்கி இருக்கிறது: பண நிர்வாகக் கோர்ஸ். கூட்டத்துக்கு முதலில் குறித்த தேதியிலிருந்து 60 நாளுக்குள் முடித்து, சான்றிதழ் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கோர்ஸ் நடத்துபவரே அனுப்புவாரா, நீங்கள் அனுப்ப வேண்டுமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சான்றிதழ் வராவிட்டால் கடன் தள்ளுபடி உத்தரவு இல்லாமலேயே வழக்கை மூடிவிடுவார்கள். மறுபடி திறக்கத் தனிக் கட்டணம், கூடவே ஒரு விண்ணப்பம்.